இருபத்திரண்டு செவுள் பற்கள்

சென்னை விமான நிலையத்தில், வந்த காரணம் என்ன என்று கேட்ட அதிகாரியிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாது. "மீனோட செவுளைப் பார்க்க வந்தேன்," என்றேன். அவர் என் மலேசியக் கடவுச்சீட்டை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார். "அங்க மீன் இல்லியா மேடம்?" என்றார். இருக்கிறது என்றேன். "அதுக்குச் செவுள்?" அதுவும் இருக்கிறது என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்ததும், சுற்றுலாப் பயணி என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து முத்திரை குத்தி அனுப்பினார்.

நியாயமான கேள்விகள்தான். நான் பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மீன்களை இனம் பிரிக்கும் வேலை பார்க்கிறேன். யாராவது ஒரு மீனைக் கொண்டுவந்து போட்டால், அது எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்தச் சிற்றினம் என்று சொல்ல வேண்டும். என் அம்மா உயிரோடு இருந்தவரை இதைச் சந்தையில் பத்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்தைக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் செவுளில்தான் இருக்கிறது. கானாங்கத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் அதைக் கெம்போங் என்போம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். செவுள் மூடியைத் தூக்கினால், மூச்சுவிடும் சிவப்பு இழைகளுக்கு எதிர்ப்பக்கத்தில் சீப்பு மாதிரி ஒரு வரிசை தெரியும். அதைச் செவுள் பல் என்கிறோம். வாய்க்குள் போகிற தண்ணீரிலிருந்து பொடி உயிர்களை வடிகட்டிக்கொள்ள மீனுக்கு அது உதவுகிறது. சாதாரணக் கானாங்கத்தைக்கு இந்தப் பற்கள் நீளம். முதல் செவுள் வளைவின் கீழ்ப்பாதியில் மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கும். அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இன்னோர் இனம் உண்டு. ஆள் கொஞ்சம் ஒல்லி, பல் குட்டை, எண்ணிக்கையும் இருபதுகளோடு நின்றுவிடும். இரண்டையும் சந்தேகமில்லாமல் பிரிக்க வேண்டுமென்றால் உட்கார்ந்து எண்ணத்தான் வேண்டும்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நான் சென்னையில் விலங்கியல் படித்தேன். அப்போது என் வகுப்புத் தோழி வைதேகியும் நானும் சேர்ந்து, இந்தக் குட்டைப் பல்காரன் சென்னைக் கரையிலும் இருக்கிறான் என்று இரண்டே பக்கத்தில் ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டோம். செவுள் பற்கள் இருபத்திரண்டு என்று எழுதியிருந்தோம். பக்கத்தில் வைதேகி வரைந்த படம். அந்த இரண்டு பக்கத்தைக் காட்டித்தான் எனக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது. வைதேகி பள்ளி ஆசிரியையாகப் போய்விட்டாள். அவள் பெயர் அச்சான ஒரே கட்டுரை அதுதான்.

இப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு கெட்டிக்காரப் பெண் சென்னைக் கரையையும் சேர்த்து இந்தக் கடல் பகுதி மீன்களுக்கெல்லாம் புதுப் பட்டியல் தயாரிக்கிறாள். "அக்கா, உங்க மீன் அந்தக் காலேஜ்ல ஜாடியில இருக்குமே, செவுளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இல்லன்னா உங்க குறிப்பைத் தள்ளிட வேண்டியதுதான்," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். கல்லூரிக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. நானே கிளம்பிவிட்டேன்.

முதல் நாள்

மயிலாப்பூர் குளத்தை ஒட்டிய தெருக்களெல்லாம் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிக் கிடந்தன. ஆட்டோக்காரர் நாலு சந்துகளில் நுழைந்து நாலிலும் திரும்பினார். "போன வாரம் இந்த ரூட்டு இருந்துச்சும்மா," என்றார். நான் படித்த காலத்தில் தூக்கத்தில் நடந்துபோகக்கூடிய தெருவுக்கு, அரை மணி நேரம் ராட்டினம் சுற்றிப் போய்ச் சேர்ந்தேன்.

வைதேகி இரண்டாவது மாடியில் இருக்கிறாள். கணவர் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்ததும் அவள் பார்த்தது என் முகத்தை அல்ல, பெட்டியை.

"வாடி புஷ்பா. பெட்டில மீன் ஏதும் இல்லையே?"

"இன்னும் இல்ல."

"இருந்தாலும் ஆத்துக்குள்ள வராது. இப்பவே சொல்லிட்டேன்."

வைதேகிக்கு மீன்களை லத்தீனில் தெரியும். எனக்கு மிளகாய்ச் சம்பலில் போட்டுத் தெரியும். படித்த காலத்திலேயே எங்கள் பிரிவினை இப்படித்தான். ஆய்வு மேசையில் அவள் சுறாவை அறுக்கும் அழகைப் பார்க்கப் பக்கத்து வகுப்பிலிருந்து வருவார்கள். அறுத்து முடித்ததும் வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். அவள் வாயில் ஒரு மீன்கூடப் போனதில்லை. கானாங்கத்தையின் விஞ்ஞானப் பெயரில் வரும் கனகுர்தா என்பது ஆந்திரக் கரையில் வழங்கிய பெயர், அதற்கு லத்தீன் வேஷம் போட்டுவிட்டார்கள் என்று எனக்கு முதலில் சொன்னதும் அவள்தான்.

காபி கொடுத்தாள். எங்கள் ஊர்க் கோப்பியில் கரண்டியை நட்டால் நிற்கும். இது அப்படியில்லை. குடித்தபிறகு இன்னொன்று கேட்கவேண்டும்போல் இருந்தது, கேட்டேன். கூடத்துச் சுவரில் மகன் பட்டம் வாங்கிய படத்துக்குப் பக்கத்தில், எங்கள் இரண்டு பக்கக் குறிப்பு கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. நான் ஏன் வந்திருக்கிறேன் என்று முழுதாகச் சொல்லவில்லை. ஜாடியை ஒருமுறை பார்க்கவேண்டும் என்றேன்.

"நாளைக்கு எனக்குப் பாட்டு கிளாஸ் இருக்கு. நீ போய்ட்டு வா," என்றாள். அப்போது அவள் முகத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

இரண்டாம் நாள்

கல்லூரி அடையாறு பக்கம். விலங்கியல் துறையின் மாதிரி அறைக்குப் பொறுப்பாளர் பெருமாள் என்பவர். நான் அனுப்பிய மூன்று கடிதங்களையும் பத்திரமாக ஒரு கோப்பில் வைத்திருந்தார். "பதில் போடணும்னுதான் எடுத்து வெச்சிருக்கேன் மேடம்," என்றார்.

ஜாடியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பாம்புகளுக்கும் இரட்டைத் தலை ஆட்டுக்குட்டிக்கும் பின்னால் இருந்தது. சீட்டில் வைதேகியின் முத்து முத்தான எழுத்து. மூடியைத் திறந்ததும் ஃபார்மலின் கண்ணைக் கரித்தது. மீனை வெளியே எடுத்துத் தட்டில் வைத்து, மனதுக்குள் ஒரு சின்ன வேண்டுதலோடு செவுள் மூடியைத் தூக்கினேன்.

உள்ளே ஒன்றுமில்லை. வலது பக்கம் தூக்கினேன். அங்கும் இல்லை. காலி செய்த வீடு மாதிரி துடைத்து வைத்திருந்தது.

பெருமாள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "நீட்டா க்ளீன் பண்ணிக்கீறாங்க மேடம். அப்டியே கொயம்புல போட்லாம்."

பழைய நினைவைத் தோண்டிப் பார்த்தேன். அந்த மீன் வந்த வாரம் எனக்குக் கடும் காய்ச்சல், விடுதியில் படுக்கை. சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தைக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாகப் போனவள் வைதேகி. ஒல்லியாக ஒரு கானாங்கத்தையை வாளியில் கொண்டுவந்து என் கட்டிலுக்கு எட்டக் காட்டினாள். எனக்கு ஒல்லியாக இருப்பதைப் பார்த்ததுமே குட்டைப் பல்காரன் என்று தோன்றிவிட்டது. மற்றதெல்லாம் அவள் செய்தாள். படம் வரைந்தாள், ஜாடியில் போட்டாள், சீட்டு ஒட்டினாள். காய்ச்சல் விட்டபிறகு நான் அவள் படத்தைப் பார்த்து, இருபத்திரண்டு என்று குறிப்பை எழுதினேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம்.

அப்படியானால் மீன் வாங்கும்போதே சந்தைக்காரி பழக்கதோஷத்தில் செவுளைப் பிடுங்கியிருக்கிறாள். செவுளோடு மீன் கொடுத்தால் வாங்கினவர்கள் ஏசுவார்கள். வைதேகிக்கு அது தெரிய நியாயமில்லை. ஆய்வு மேசையில் வைத்துப் பார்த்து, செவுள் இல்லாமல் திகைத்து, என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு, கற்பனையில் ஒரு செவுளை வரைந்துவிட்டாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. அந்தக் குறிப்பு தள்ளப்பட்டால் எனக்கு ஒரு கெட்ட பெயர், அவ்வளவுதான். அவளுக்கு, சுவரில் மாட்டி வைத்திருக்கும் ஒன்றே ஒன்று போய்விடும். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். இதே கரையில் ஒரு குட்டைப் பல் கானாங்கத்தையைக் கண்டுபிடித்து, செவுளைப் படமெடுத்து அனுப்பிவிட்டால் குறிப்பு நிற்கும். ஜாடியைப் பற்றி அவளுக்குத் தெரியவே வேண்டாம். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கொஞ்சம் புல்லரித்தது.

அதற்குக் கருவிகள் வேண்டும். என் ஊசிகளையும் இடுக்கியையும் பினாங்கு விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொண்டார்கள். பெருமாளிடம் கேட்டதற்கு, "தி.நகர் போங்க மேடம், அங்க கெடைக்காதது எதுவும் கெடையாது," என்றார்.

தி.நகருக்குப் பேருந்தில் போனேன். நடத்துநர் காசு வாங்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் வெளிநாட்டுக்காரி, எனக்கு இலவசம் கிடையாதே என்று நோட்டை நீட்டினேன்.

"நீ பொம்பளதானே?" என்றார்.

"ஆமாம்."

"அப்பறம் இன்னா. உள்ள போய் குந்து."

எங்கள் ஊரில் இந்த விஷயத்துக்கு அடையாள அட்டை, விண்ணப்பம், புகைப்படம் எல்லாம் கேட்பார்கள். இங்கே ஒரே கேள்வியில் முடிந்துவிட்டது.

ரங்கநாதன் தெருவில் நான் நடக்கவில்லை, என்னை நடத்திக்கொண்டு போனார்கள். ஊசிப் பொட்டலம் வாங்க வேண்டிய கடையைத் தாண்டி, பாத்திரக் கடைக்குள் கொண்டுபோய் விட்டது கூட்டம். மறுபடி எதிர்த் திசைக் கூட்டத்தில் சேர்ந்து ஊசி வாங்கினேன். லென்ஸுக்கு உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு சந்துக்குப் போகச் சொன்னார்கள். நகைப் பட்டறைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் விற்கும் கடை. கடைக்காரர் நாலைந்து எடுத்து வைத்தார்.

"வைரமா, தங்கமா?" என்று கேட்டார்.

"மீன்."

"மீன் டாலரா?"

"மீனேதான். செவுள்ல பல் எண்ணணும்."

அவர் யோசித்தார். "அப்ப இது போதும். வைரத்துக்கு வேணும்னாதான் பெரிய பவர்," என்று சின்னதை எடுத்துக் கொடுத்தார். ஏன், எதற்கு என்று கேட்கவே இல்லை. அந்தத் தெருவில் எல்லாக் கேள்வியும் ஏற்கனவே கேட்கப்பட்டுவிட்டது போலிருக்கிறது.

மூன்றாம் நாள்

பறக்கும் ரயிலில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினேன். ரயிலுக்கு அந்தப் பெயர் வைத்தவர் நல்ல நகைச்சுவைக்காரராக இருக்க வேண்டும். மீன் சந்தைக்கு வழி கேட்கத் தேவையில்லை. ஒரு பக்கம் கூவம், இன்னொரு பக்கம் சந்தை. மூக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுதான் கேள்வி.

கானாங்கத்தை குவியல் குவியலாக இருந்தது. ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சென்னையில் இதற்கு யாரும் தடை சொல்வதில்லை. மீன் வாங்க வருகிற எல்லோருமே செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள்தான். அவர்கள் நிறத்தைப் பார்த்தார்கள், நான் பல்லைப் பார்த்தேன். இடித்துத் தள்ளும் கூட்டத்தில் எண்ண முடியவில்லை. ஒல்லியாகத் தெரிந்த ஆறு மீன்களைப் பொறுக்கி, காசு கொடுத்துத் தனியாக வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து வைதேகி தொலைபேசியில் அழைத்தாள். மதியம் சாப்பாட்டுக்கு வருவேனா, பூசணிக்காய் மோர்க்குழம்பா, வத்தக்குழம்பா என்று கேட்டாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினேன். என் ஆறு மீன்களும் பக்கத்தில் அரிவாள்மணையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய்விட்டன. வால் வெட்டி, வயிறு கீறி, செவுள் பிடுங்கி, கடைசி மீனைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, செவுள் வேணும்மா எனக்கு," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "செவுளா? அத்த யார்மா துன்னுவாங்க?"

"தின்ன இல்ல. பார்க்க."

"பாத்துட்டுத்தானே வாங்குன? செவப்பாத்தான் இருந்துச்சு."

செவுள்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கிடந்தன. காலையிலிருந்து வெட்டிய வஞ்சிரம், சங்கரா, பாறை எல்லாவற்றின் செவுளும் அதில்தான். நான் குனிந்து வாளிக்குள் லென்ஸை வைத்துப் பார்த்தேன். எதன் செவுள் எது என்று சொல்ல எந்த விஞ்ஞானமும் இல்லை. சுற்றிலும் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "கம்மல் விழுந்துருச்சு போலகீது," என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கினார். உடனே நாலு பேர் என் கம்மலைத் தேட ஆரம்பித்தார்கள். இரண்டு கம்மலும் என் காதிலேயே இருந்தன. அதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நழுவினேன்.

செவுள் இல்லாத ஆறு மீன்களை ரயில் நிலைய வாசலில் பூ விற்ற அம்மாவிடம் கொடுத்தேன். அவர் வாங்கியதும் முதலில் செவுள் மூடியைத்தான் தூக்கிப் பார்த்தார். "நல்லா சுத்தம் பண்ணிக்கீறாங்க," என்றார்.

வைதேகி கடைசியில் இரண்டு குழம்பும் செய்திருந்தாள். சாப்பிடும்போது நான் எங்கே போனேன் என்று கேட்கவில்லை. என் புடவை முந்தானையைக் காட்டி, "அதை பால்கனில நனைச்சு வை," என்று மட்டும் சொன்னாள்.

நான்காம் நாள்

பட்டினப்பாக்கம் கடலோரச் சாலைக்குப் போனேன். அங்கே கஸ்தூரி என்று ஒரு மீன்காரி. கடலோரக் குடிசைகளை எடுத்துவிட்டு, அரசாங்கம் அவரைக் குடும்பத்தோடு ஊர்க்கோடியில் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டதாம். விடியுமுன் முதல் பேருந்து பிடித்து இங்கே வந்து கடை போடுகிறார். "வூடு அங்க குட்த்தாங்க. கடலு இங்கதானே கீது," என்றார்.

அவரிடம் நான் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். செவுள் வேண்டும், வெட்டக்கூடாது, பல் குட்டையாக இருக்கிற கானாங்கத்தை வேண்டும். அவர் ஒரு மீனை எடுத்து இரண்டு விரலால் வாயைப் பிளந்து வெயிலுக்கு நேராகக் காட்டினார். தொண்டைக்குள் கோழி இறகு மாதிரி மெல்லிசாக ஒரு வரிசை நீண்டு தெரிந்தது.

"இத்த சொல்றியா?"

"இதேதான். இது இவ்வளவு நீளமா தெரியக்கூடாது."

அசந்துபோனேன். மீனை அறுக்காமல் வாயைத் திறந்து பார்த்தே இனம் சொல்லலாம் என்று எங்கள் புத்தகங்களில் இருக்கிறது. அதைப் படிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. கஸ்தூரியிடம் வேறு பாகுபாடுகளும் இருந்தன. குழம்புக்கு ஆகிறது, வறுவலுக்கு ஆகிறது, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறது, மாமியாருக்குக் கொடுக்கிறது. கடைசி வகையில் முள் அதிகம்.

"எறகு இல்லாத கானாங்கத்தைய நான் பாத்ததில்லம்மா," என்றார். "முப்பது வருசமா வித்துக்கினு கீறேன். இல்லன்னு சொல்லல. நான் பாத்ததில்ல."

நான் விடவில்லை. "ஒல்லியா இருந்தா?"

"ஒல்லின்னா துன்னல போல. நம்ம புள்ளைங்கள்ல ஒண்ணு ஒல்லியா இல்லியா, அதுக்காவ வேற ஜாதியாய்டுமா?" என்றார். ஆனாலும் என் முகம் போன போக்கைப் பார்த்து, "நாளைக்குக் காலீல வா. ஒல்லியா வந்தா கை வெக்காம எத்து வெக்கிறேன்," என்றார்.

நாளை மறுநாள் எனக்கு விமானம்.

ஐந்தாம் நாள்

கஸ்தூரி சொன்ன சொல் தவறவில்லை. நெகிழிப் பையில் ஐஸ் போட்டு ஓர் ஒல்லிக் கானாங்கத்தை, முழு உடலோடு எனக்காகக் காத்திருந்தது. வாயைத் திறந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பார்க்காமலே வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். சாந்தோம் தாண்டியதும் ஆட்டோக்காரர் மூக்கைச் சுருக்கினார்.

"ஒரு மீனுக்கு ஆட்டோவாம்மா?" என்றார்.

"முக்கியமான மீன்," என்றேன்.

அவர் அதற்கு மரியாதை கொடுத்து, மேடு பள்ளத்தில் மெதுவாகப் போனார்.

வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. கீழே தண்ணீர் மோட்டார் அறையில் பையை வைத்துவிட்டு, ஊசியும் லென்ஸும் எடுக்க மேலே போனேன். அந்தப் பத்து நிமிடத்துக்குள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எரிவாயுக் கசிவு என்று மூன்று பேர் எச்சரித்துவிட்டார்கள். வைதேகி அலைபேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மொட்டை மாடிக்குக் கொண்டு வா," என்றாள். "பழைய நியூஸ்பேப்பர் நான் எடுத்துண்டு வரேன்."

தாளை விரித்து, தட்டு வைத்து, உட்கார்ந்தோம். நான் ஊசியை எடுப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள். இருபத்தைந்து வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தவளையும் கரப்பானும் அறுத்துக் காட்டிய கை. செவுள் மூடியைச் சுத்தமாக வெட்டித் தள்ளி, முதல் வளைவை உடையாமல் எடுத்துத் தட்டில் விரித்து வைத்தாள். தங்கக்கடை லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, கீழ்ப்பாதியில் ஊசி முனையால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினாள்.

"இருபது. இருபத்தொண்ணு. இருபத்திரண்டு."

இங்கே நிறுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்தாள்.

"இருபத்து மூணு. இருபத்து நாலு."

முப்பத்து நாலில் முடிந்தது. ஊரெங்கும் கிடைக்கும் சாதாரணக் கானாங்கத்தை. கஸ்தூரி சொன்னதுபோல், சரியாகச் சாப்பிடாதது.

இனி மறைத்துப் பயனில்லை. பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை எடுத்தேன். "வைதேகி, எங்க லேப்ல புதுப் பட்டியல் போடுறாங்க, அந்தக் குறிப்பைத் தள்ளிடுவாங்க. ஆனா ஜாடி கெட்டுப் போச்சுன்னு நான் எழுதிக்கிறேன். உன் படத்தைப் பத்தி யாரும் கேட்காம நான் பார்த்துக்கிறேன்."

"என் படத்தைப் பத்தி என்ன கேக்கணும்?"

"ஜாடியில இருக்கிற மீனுக்குச் செவுளே இல்ல."

"எப்படி இருக்கும்?" என்றாள் அவள். "அந்தம்மா என் கண்ணெதிரே பிடுங்கிப் பூனைக்குப் போட்டா. எனக்கு என்ன தெரியும். சுத்தம் பண்ணித் தரான்னு தேங்க்ஸ் சொல்லிட்டு வந்தேன்."

"அப்ப நீ எதைப் பார்த்து வரைஞ்சே?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பழுப்பேறிய தாள். கல்லூரி விடுதியின் கோடு போட்ட தாள். பென்சிலில், காய்ச்சல்காரியின் கோணல் எழுத்தில், என் கையெழுத்து. "வைதேகி, கீழ்ப்பாதிப் பல் 22. இதே மாதிரி போட்டுவிடு."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தேன். கட்டிலில் படுத்தபடி, நூலகப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதியது மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. புத்தகத்தில் இருந்த எண்ணை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். அவள் அந்த எண்ணுக்கு ஒரு செவுள் வரைந்தாள். காய்ச்சல் விட்டபிறகு நான் அந்தப் படத்தைப் பார்த்து எண்ணி, அதே எண்ணைத் திருப்பி எழுதினேன். மீனை யாருமே எண்ணவில்லை. இத்தனை வருடம் என் ஞாபகத்தில் இந்தத் தாள் மட்டும் காணாமல் போயிருந்தது. நாலு நாளாக நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கத்தில் காது சுட்டது.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"செவுள் இல்லாத மீன்ல நீ எப்படி எண்ணியிருப்பே? புஸ்தகத்துலேர்ந்து எடுத்திருக்கேன்னு தெரியும்."

"ஏன் கேட்கல?"

"ஜுரம் இறங்கட்டும், கேக்கலாம்னு இருந்தேன். இறங்கின மறுவாரம் நீ வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுட்டே, அந்தப் பேப்பரைச் சேர்த்து. ஆத்துல உன் தம்பி தங்கைகளெல்லாம் உன்னை நம்பிண்டு இருக்கான்னு சொல்லிண்டிருந்தே. அதுக்கு மேல நான் என்ன கேக்கறது." பிறகு, "நானும் வரைஞ்சேனே. நான் மட்டும் யோக்கியமா?" என்றாள்.

நான் அழுதேன். சொல்வதற்கென்ன. மொட்டை மாடியில், மீன் நாற்றத்தோடு, துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டம்மா பார்க்க அழுதேன். வைதேகி மீனை நியூஸ்பேப்பரில் சுருட்டி எனக்குக் கையில் கொடுத்து, மதில் மேலிருந்த பூனையைக் காட்டினாள். கொண்டுபோய்ப் போட்டேன்.

அன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்றாள். அவள் மேசையில் உட்கார்ந்து எங்கள் பட்டியல்காரப் பெண்ணுக்கு மடிக்கணினியில் கடிதம் எழுதினேன். அந்தக் குறிப்பில் உள்ள எண் மீனைப் பார்த்து எண்ணப்பட்டதல்ல. தவறு முழுக்க என்னுடையது. தோழிக்கு இதில் பங்கில்லை. ஆகவே குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இத்தோடு, சென்னைக் கரையில் இன்று வாங்கிய ஒரு சாதாரணக் கானாங்கத்தையின் கணக்கையும் இணைக்கிறேன், செவுள் பற்கள் முப்பத்து நாலு. கீழே என் பெயரைப் போட்டேன்.

வைதேகி பின்னால் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து, தோழிக்குப் பங்கில்லை என்ற வரியை அழித்தாள். என்னுடையது என்பதை எங்களுடையது என்றும், பெற்றுக்கொள்கிறேன் என்பதைப் பெற்றுக்கொள்கிறோம் என்றும் மாற்றினாள்.

"பேப்பர் வந்தப்போ ரெண்டு பேர் பேரும் இருந்துது. வாபஸ் வாங்கறச்சே மட்டும் நீ தனியாப் போவியா?"

தன் பெயரை என் பெயருக்கு மேலே அடித்தாள். "இந்தத் தடவை என் பேர்தான் முதல்ல," என்றாள்.

அப்படியே அனுப்பினேன். எண்ணியது அவள்தான்.